மேட்டுக்கு அடியில் பெகூ

முயல் வளைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவியிருக்கிறீர்களா? உள்ளே ஈரமண், வேர், புழுக்கை. விரல் நுனியில் ரோமம் தட்டுமா என்று காத்திருக்கும்போது மூச்சுவிடக்கூடத் தோன்றாது. தட்டினாலும் அது முயலா, நாம் அனுப்பிய ஃபெரட்டா, வேறு ஏதாவதா என்று கை வெளியே வரும்வரை தெரியாது.

அன்று டெக்வென் அப்படித்தான் தோண்டிய குழிக்குள் குப்புறப் படுத்துக் கையை வளைக்குள் விட்டிருந்தார். கன்னம் மண்ணில் அழுந்தியிருந்தது.

காலையில் கிளம்பும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் டெக்வென் என்ற அந்த அம்மாவின் வீட்டு மாடியில் குடியிருப்பவன். ஊர் முதியோர் இல்லத்தில் இரவுச் சமையல் எனக்கு. பகலில் தூக்கம் வராது. பேசவும் ஆள் இல்லை. அதனால் குளிர்காலம் முழுக்க அவருக்கு வலை தூக்கிக்கொண்டு போவேன். மூன்றாவது ஆள் ஹெவின். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் ஊரில் அவருக்கு ஹெவின் போஸ்ட் என்றுதான் பெயர். டெக்வெனும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டையை இன்னும் முடிக்கவில்லை.

நாங்கள் போனது இதெல் என்பவனின் பண்ணைக்கு. ஆற்றோரமாக அவனுக்கு ஒரு மேட்டு வயல் உண்டு. மேடு பூராவும் முயல் வளை. போன வாரம் ஒரு சினை ஆடு வளைக்குள் காலை விட்டு முறித்துக்கொண்டது. குட்டி போடும் பருவம் தொடங்கப்போகிறது. மந்தையை இந்த வயலுக்குத்தான் கொண்டுவர வேண்டும். இதெல் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புகைக்காரருக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை வருவார். விஷப்புகை மாத்திரை போட்டு வளையை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் எதுவும் பிழைக்காது. புகையில் செத்த முயலைத் தின்னவும் முடியாது. அதனால் அதற்கு முன்னால் ஒரு நாள் தனக்குக் கொடு என்று டெக்வென் கேட்டு வாங்கியிருந்தார்.

பெட்டியில் பெகூ இருந்தது, வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டப் பழக்கிய ஃபெரட். கீரி மாதிரி நீள உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, தொண்டையில் வெளிர் திட்டு. போன இலையுதிர் காலத்தில் டெக்வெனின் கூண்டுகளில் நோய் புகுந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. எல்லாம் அவரே வருஷக்கணக்காக வளர்த்துப் பெருக்கிய வம்சம். கைக்கு அடங்கும், முயலை விரட்டும், உள்ளேயே கொன்று தின்றுவிட்டுத் தூங்காது. அந்த வம்சத்தில் மிஞ்சியது பெகூ மட்டும்தான். இந்த வசந்தத்தில் அது குட்டி போட்டால் உண்டு, இல்லையென்றால் அத்தோடு சரி. பெகூ பருவத்துக்கு வந்துவிட்டதை முந்தாநாள்தான் டெக்வென் கவனித்திருந்தார்.

"இந்த நெலமையில அவள உள்ள விடணுமா டெக்?" என்று ஹெவின் கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான். அப்புறம் அடுத்த குளிருக்குத்தான் வேலை. நீ முளைய அடி, வாய அடிக்காதே."

ஒவ்வொரு வளை வாயிலும் சுருக்கு வலை விரித்து முளையடித்தோம். பெகூவின் கழுத்தில், அது எங்கே இருக்கிறது என்று காட்டும் சிக்னல் பட்டையை மாட்டி உள்ளே விட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு இறங்கியது.

பிறகு அந்த அமைதி. மூன்று பேரும் கல்லாக நின்றோம். மண்ணுக்கு அடியில் முதலில் ஒரு திடும். அப்புறம் திடுதிடுதிடு. ஹெவின் பக்கத்து வலை துள்ளியது, ஒரு முயல். அதை எடுப்பதற்குள் என் காலடியில் இன்னொன்று. முள்வேலி ஓரம் மூன்றாவது வலை முளையோடு பிடுங்கிக்கொண்டு உருண்டது. நான் அதன் மேல் விழுந்து பிடித்துக் கழுத்தைத் திருகினேன். முகமெல்லாம் சேறு.

"ஆள் வெயிட்டுக்கே முயல் செத்திருக்கும்! கழுத்த வேற ஏன்யா திருகுறே?" என்று ஹெவின் சிரித்தார்.

மதியத்துக்குள் வேலியில் முயல்கள் வரிசையாகத் தொங்கின. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பெகூவும் வரவில்லை.

டெக்வென் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். செத்த முயலை வளை வாயில் ஆட்டிக் காட்டினார். பதில் இல்லை. சிக்னல் கருவியை எடுத்து மேட்டின் மேல் நடந்தார். ஒரு இடத்தில் அது விடாமல் பீப் பீப் என்று கத்தியது. பெகூ நகரவே இல்லை.

"தூங்கிட்டாளா?" என்றேன்.

"என் பெகூவா? இந்த வம்சத்துல எவளும் உள்ள தூங்குனது கெடையாது. மண்வெட்டிய எடு கண்ணு."

தோண்டினேன். களிமண், கல், வேர். இடுப்பளவு ஆழம் போனது. இதற்குள் இதெல் தன் நாயோடு வயலைப் பார்க்க வந்துவிட்டான். குழியைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

"டெக் ஆண்ட்டி, முயல் தோண்டுனது போதாதுன்னு நீங்களுமா?"

"பெகூ உள்ள இருக்கா. நாளைக்கு வர்ற ஆளக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுடா."

"ஆண்ட்டி, அந்த ஆளு மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்றாரு. நாளைய விட்டா ஆடெல்லாம் குட்டி போட்டு முடிச்சப்புறம்தான் வருவாரு. ஒரு ஃபெரட்டுக்காக என் மந்தைய நொண்டியாக்கச் சொல்றீங்களா?"

"ஒரு ஃபெரட்டா? அவ ஒருத்திதான்டா மிச்சம்!"

இதெல் தலைகுனிந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கும் ஆடுதான் பிழைப்பு. "இருட்டுற வரைக்கும் தோண்டிக்குங்க. காலையில அவர் வந்தா நான் தடுக்க மாட்டேன்," என்றான்.

மண்வெட்டி ஒரு பொந்துக்குள் இறங்கியது. டெக்வென் என்னைத் தள்ளிவிட்டுக் குழிக்குள் படுத்துக் கையை விட்டார். முழங்கை, தோள். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏதோ இருக்கு... இரு... இரு..."

கையை இழுத்தார். விரலில் தொங்கியது வெறும் பட்டை. பெகூ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தது. இவ்வளவு நேரம் நாங்கள் ஒரு தோல் வாருக்காகத் தோண்டியிருக்கிறோம்.

டெக்வென் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஹெவினின் கத்தல் கேட்டது.

"டெக்! புடிச்சிட்டேன்! புடிச்சிட்டேன் டெக்! வலையில வந்து விழுந்தா!"

ஓடினோம். ஹெவின் வலையோடு சேர்த்து எதையோ சுருட்டிப் பெட்டிக்குள் திணித்து மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். கையில் ரத்தம். உள்ளே கீச்சென்ற கூச்சல்.

"கறுப்புப் பட்டை, நீள வால், அவளேதான். பயந்துபோயிருக்கா பாவம், என்னையே கடிச்சிட்டா!"

"உன் மூஞ்சியப் பாத்தா யாரும்தான் கடிப்பாங்க," என்றார் டெக்வென். சொல்லிக்கொண்டே ஹெவினின் தலையைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். ஹெவின் காது வரைக்கும் சிவந்துபோனார்.

இதெல் கைதட்டினான். "அப்ப நாளைக்கு வேலை நடக்கும்ல ஆண்ட்டி? சந்தோஷம். நான் போயி ஆட்டுக்குத் தீனி போடறேன்." நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

குழியை மூடினோம். வலைகளையெல்லாம் சுருட்டிப் பையில் போட்டோம். ஹெவின் முயல்களைக் கம்பில் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டார். ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே முன்னால் நடந்தார். நான் பெட்டியைத் தூக்கினேன். அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததுபோலத் தோன்றியது. தோண்டிய களைப்பு என்று நினைத்தேன்.

வயல் கேட்டருகே டெக்வென் நின்றார். வீட்டுக்குக் கிளம்பும்முன் எப்போதும் பெட்டியின் காற்றுத் துளையில் விரலை வைப்பார். பெகூ நக்கும். அதற்கப்புறம்தான் வண்டியில் ஏறுவார்.

விரலை வைத்தார்.

அவர் போட்ட அலறலில் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. நகத்துக்குள் பல் இறங்கியிருந்தது.

"கோவமா இருக்கா டெக், நான் சொன்னேன்ல..." என்று ஹெவின் ஆரம்பித்தார்.

டெக்வென் மூடியை ஒரு விரற்கடை தூக்கி உள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து வந்த வீச்சத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. டெக்வென் மூடியைச் சாத்தினார். அவருடைய முகம் வெளுத்திருந்தது.

"மூக்கு நுனி வரைக்கும் கறுப்பு. தொண்டையில வெள்ள இல்ல. காது ஓரம் வெள்ள. இது போல்கேட்டு. காட்டுல திரியறது. ஹெவின், உன் கண்ண எங்க வெச்சே?"

"டெக், அவசரத்துல..."

"கீழ கொட்டை தொங்குது! நாப்பது வருஷமா ஃபெரட்டப் பாக்கற! பொட்டைக்கும் கடுவனுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஊர்ல எல்லார் லெட்டரையும் இப்படித்தான் மாத்திப் போட்டியா?"

ஹெவின் கம்பைக் கீழே வைத்தார். முயல்கள் சேற்றில் சரிந்தன. தப்பு அப்படி வரக்கூடியதுதான். ஃபெரட்டும் போல்கேட்டும் ரத்த சொந்தம். அதிலும் டெக்வெனின் வம்சம் பட்டையும் நிறமுமாகக் காட்டு உறவைப் போலவே இருக்கும். அதுதான் அவருக்குப் பெருமையே. அந்த ஜாடை எங்களை மோசம் பண்ணிவிட்டது.

பெகூ இன்னும் மேட்டுக்கு அடியில்தான் இருந்தது. கழுத்தில் பட்டையும் இல்லை. எந்த இடம் என்று தெரியாது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

ஹெவின் தலையில் அடித்துக்கொண்டார். "ராவெல்லாம் தோண்டறேன் டெக். மேட்டையே பிரட்டிப் போடறேன்."

டெக்வென் பெட்டிப் பக்கம் தலையைச் சாய்த்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளிருந்து கூச்சல் நின்று வேறொரு சத்தம் வந்தது. குக், குக், குக். கோழி முட்டையிடும் முன் முனகுவதுபோல.

"பெகூ ஏன் வரலைன்னு இப்பத்தானே புரியுது," என்றார் மெதுவாக. "அவ தூங்கல. மாப்பிள்ளையோட இருந்திருக்கா."

நானும் ஹெவினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நாம கூப்பிட்டா வரல. இவன் கூப்பிட்டா?" என்றார் டெக்வென். அடுத்த நொடி பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தார். அறுபது வயசுக்காரர் ரப்பர் பூட்ஸோடு அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் பின்னால் ஓடினோம்.

போல்கேட்டு பிடிபட்ட வளைக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில் பெட்டியை வைத்தார். கம்பி அடித்த பக்கத்தை வளையைப் பார்க்கத் திருப்பினார். பக்கத்து வளைகளில் எங்கள் கோட்டுகளைச் சுருட்டிச் செருகினோம். எல்லாவற்றுக்கும் கோட்டு போதவில்லை. காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி பார்த்துப் பெட்டிக்குப் பின்னால் படுத்தோம். ஈரம் சட்டையைத் தாண்டி வயிற்றில் ஏறியது. குளிரே தெரியவில்லை.

குக், குக், குக்.

"பாடுறான் பாரு," என்று ஹெவின் கிசுகிசுத்தார். "நல்ல குரல். சர்ச்சுல சேத்துக்கலாம்."

"வாய மூடு."

வளைக்குள் ஒரு அசைவு. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. டெக்வெனின் முழங்கையைத் தொட்டேன். இருட்டில் இரண்டு கண், பிறகு மூக்கு, பிறகு தொண்டையில் வெளிர் திட்டு. பெகூ!

வெளியே வந்தது. பெட்டியைப் பார்த்தது. சட்டென்று உள்ளே போய்விட்டது. ஹெவின் மூச்சை இழுத்துப் பிடித்தார். மறுபடி வந்தது. இந்த முறை முழு உடம்போடு. பெட்டியை ஒரு சுற்று சுற்றியது. கம்பியில் மூக்கை வைத்தது. உள்ளிருந்தவன் பரபரத்தான். பெட்டி ஆடியது. டெக்வென் நாக்கை மெல்லச் சொடுக்கினார். பெகூ கண்டுகொள்ளவே இல்லை.

"பெத்தவள மறந்துட்டா," என்று முனகியபடி டெக்வென் புல்லில் ஊர்ந்தார். ஒரு கை நீளம், அரைக் கை நீளம்.

அந்த நேரம் பார்த்துக் கேட் பக்கம் ஒரு குரல். "என்ன, இன்னும் கெளம்பலியா? வண்டி நிக்குதேன்னு பாக்க வந்தேன்!" இதெல்தான். கையில் டார்ச். அவனுக்கு முன்னால் அவன் நாய். எங்களைப் பார்த்த சந்தோஷத்தில் அது குரைத்துக்கொண்டே அம்பு மாதிரி மேட்டில் ஏறி வந்தது.

பெகூ நிமிர்ந்தது. ஒரே திருப்பு. வளையை நோக்கிப் பாய்ந்தது.

அதற்கு முன்னால் ஹெவின் பாய்ந்தார். முட்டி வலி என்று மாடிப்படி ஏறாத மனிதர். எழுந்தாரா, உருண்டாரா என்று தெரியாது. பொத்தென்று வளை வாயிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். வளை அடைபட்டது. பெகூ அவர் தொடையில் மோதித் திரும்பியது. நாய் ஒரு பக்கம், ஹெவின் ஒரு பக்கம். அது போன ஒரே இடம் பெட்டிதான். பெட்டிக்கும் புல்லுக்கும் இடையில் தலையை நுழைத்தது. டெக்வெனின் இரண்டு கையும் அதன் மேல் விழுந்தன.

"நாயப் புடிடா முட்டாப் பயலே!" என்று டெக்வென் கத்தினார். நான் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது என் காதை நக்கியது.

டெக்வென் எழுந்தார். பெகூ அவர் ஸ்வெட்டருக்குள் இருந்தது. கழுத்துப் பட்டியில் அதன் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

இதெல் டார்ச்சை ஒவ்வொருவர் மேலும் அடித்துப் பார்த்தான். கடைசியில் வளைமேல் உட்கார்ந்திருந்த ஹெவின் மேல் நிறுத்தினான்.

"ஹெவின் போஸ்ட், அங்க என்ன பண்றீங்க?"

"அடை காக்கறேன். தூக்கி விடுடா, முட்டி மடங்கிருச்சு."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நடந்ததையெல்லாம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் இதெலிடம் சொன்னோம். அவன் பெட்டியைக் குனிந்து பார்த்தான். உள்ளேயிருந்து சீறல்.

"இவர என்ன பண்ணப் போறீங்க?"

"நான் வெச்சுக்கட்டுமா டெக்? நல்ல கடுவன். கூண்டுல போட்டு..." என்றார் ஹெவின்.

"கூண்டுல போட்டா பட்டினி கெடந்து சாவான். வேண்டாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்ருவோம். இங்க விட்டா திரும்ப உள்ள போயிருவான், காலையில புகை."

"ஆண்ட்டி, ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் என் கோழிக்கொட்டாய்."

"அப்ப கொட்டாய ஒழுங்கா சாத்து."

இதெல் பெருமூச்சு விட்டான். ஆனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தது அவன்தான். நடைபாலத்தைத் தாண்டி மரக்கூட்டத்துக்குப் போனோம். ஹெவின் பெட்டியைத் தரையில் வைத்துக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்தார். போல்கேட்டு உடனே போகவில்லை. விளிம்பில் இரண்டு முன்னங்காலையும் வைத்து எங்களை வரிசையாகப் பார்த்தது. டெக்வெனின் ஸ்வெட்டருக்குள் பெகூ நெளிந்தது. அவர் மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"போங்க மாப்ள," என்றார் ஹெவின். "விருந்தெல்லாம் முடிஞ்சுது."

இலைச்சருகில் ஒரு சரசரப்பு. அவ்வளவுதான், ஆளைக் காணோம். திரும்பி வரும் வழியெல்லாம் யார் முதலில் பெகூவைப் பார்த்தது என்று சண்டை. தான்தான் என்று ஹெவின் சொன்னார், இல்லை நான்தான் என்றேன், டெக்வென் இரண்டு பேருமே குருடர்கள் என்றார். அன்று இரவு அடுப்படியில் முதியோர் இல்லத்துப் பாட்டிமார்களுக்குக் கஞ்சி கிண்டும்போதும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புகைக்காரர் வந்தார். முகமூடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வளையிலும் மாத்திரை போட்டுப் புல்கட்டியால் அடைத்தார். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது டெக்வென் பெகூவை ஜன்னலோரம் மேஜைமேல் வைத்து ஈரத்துணியால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடரியில் ரோமம் எச்சில் காய்ந்து கற்றையாக ஒட்டியிருந்தது. அதை விலக்கிப் பார்த்தார். தோலில் நான்கு பல் தடம் இருந்தது. கடுவன் சேரும்போது அந்த இடத்தில்தான் கவ்விப் பிடிக்கும். டெக்வென் துணியை மடித்து வைத்தார். ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றினார். பெகூ முழுவதையும் குடித்தது.